உள்கியர் ஹப்பில் கியர் விழாமை: காரணமும் நிவர்த்தியும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று பரந்து கிடக்கும் இந்தப் பிரதேசத்துக்கும் சைக்கிளுக்கும் உள்ள சம்பந்தம் நெடுநாளையது. 1949-ஆம் ஆண்டில், பிரிட்டனின் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் ஸ்தாபனத்தின் கூட்டுறவோடு முருகப்பா குடும்பத்தார் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையை அம்பத்தூரில் நிறுவினார்கள். அந்த ஸ்தாபனத்தின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் வண்டிகள் தேசத்தின் மூலைமுடுக்குகளிலெல்லாம் ஓடின. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. பாடி முதல் பட்டாபிராம் வரையில் ஆலைகள் பெருகின. அவற்றில் உழைத்தவர்களில் எண்ணற்றோர்க்குக் கால்நடைக்கு அடுத்த வாகனமாக இருந்தது சைக்கிளே.

அந்த வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஒற்றைக் கியர் வண்டிகள். ஆயினும் பழைய இங்கிலீஷ் வண்டியைப் பரம்பரைச் சொத்தாகப் பேணி வருகிறவர்களிடம் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பையும், அண்மையில் வாங்கிய நகர்ப்புற வண்டிகள் சிலவற்றில் ஷிமானோ நெக்ஸஸ் ஹப்பையும் இன்றும் காண்கிறோம். நமது பிரதேசத்துக்கு இவ்வகை ஹப் மிகவும் ஏற்றது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இங்கே தரை சமதளம். மேடு என்று சொல்லத்தக்கவை ரயில்வே மேம்பாலங்களும் சாலை மேம்பாலங்களுமே. அவற்றுக்கு அடுத்தபடியாக, பிற்பகலில் கிழக்கு நோக்கிச் செல்பவனின் நெஞ்சில் மோதும் கடற்காற்று ஒன்று உண்டு. இவ்வளவுக்கும் மூன்று கியர்களே போதும். லாரிகள் கிளப்பும் புழுதியும், ஐப்பசி கார்த்திகை மழையின் சேறும், வெளியே தொங்கும் கியர் அமைப்பை விரைவில் தின்றுவிடும். உலோகக் கூட்டுக்குள் அடைபட்ட உள்கியர் ஹப்பை அவை எளிதில் தீண்டுவதில்லை.

இத்தனை உறுதியான யந்திரத்தில் கியர் சரியாக விழவில்லை என்றால், "உள்ளே பல் போயிடுச்சு, வீலையே மாத்திடுங்க" என்று கடைகளில் சொல்லக் கேட்கிறோம். அந்தத் தீர்ப்பை ஏற்பதற்கு முன் இந்த அத்தியாயத்தை ஒருமுறை படிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். உள்கியர் ஹப்பின் கோளாறுகளில் பெரும்பகுதி ஹப்பின் உள்ளே இல்லை. கேபிளிலும், அதன் உறையிலும், அச்சின் முனையிலுள்ள இழுகம்பியிலும் இருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து உள்ளே செல்க. செலவில்லாத பரிசோதனையை முதலிலும், செலவுள்ளதைக் கடைசியிலும் செய்க. இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஆதாரமான விதி இதுவே.

உள்ளே நடப்பது என்ன?

ஸ்டர்மி-ஆர்ச்சர் ஸ்தாபனம் 1902-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தோன்றியது. அதன் ஹப்களில் மிகப் பிரசித்தமான ஏ.டபிள்யூ. வகை 1936-இல் வெளிவந்து, பல தலைமுறைகளுக்கு ஏறக்குறைய ஒரே அமைப்பில் செய்யப்பட்டது. ஆதலால் அதையே உதாரணமாகக் கொள்வோம்.

அச்சின் நடுவே 20 பற்களுடைய ஒரு சக்கரம் அசையாமல் நிற்கிறது. அதைச் சுற்றி, ஒரு கூண்டில் பொருந்திய நான்கு சிறு பற்சக்கரங்கள் உருளுகின்றன. அவற்றைச் சூழ்ந்து, உட்புறத்தில் 60 பற்களுடைய ஒரு வளையம் இருக்கிறது. பெடலின் விசையைக் கூண்டுக்குக் கொடுத்து வளையத்தின் வழியே வாங்கினால், 20-க்கு 60 என்ற விகிதத்தினால் சக்கரம் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சுழலும். அது மூன்றாம் கியர். வளையத்துக்கே கொடுத்து வளையத்திலிருந்தே வாங்கினால் ஏற்றமும் இறக்கமும் இல்லை. அது இரண்டாம் கியர். வளையத்துக்குக் கொடுத்துக் கூண்டின் வழியே வாங்கினால் வேகம் நாலில் ஒரு பங்கு குறையும். அது முதல் கியர். முன்னே 44 பல், பின்னே 18 பல், 28 அங்குலச் சக்கரம் என்று அமைந்த வண்டியில், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி முதல் கியரில் சுமார் 4 மீட்டரும், இரண்டாவதில் 5.4 மீட்டரும், மூன்றாவதில் 7.2 மீட்டரும் முன்னேறும் என்று கணக்கிடலாம்.

விசையை இங்குமங்கும் மாற்றிக் கொடுப்பது கிளட்ச் என்னும் ஒரு துண்டு. அதை ஒரு பக்கம் சுருள்வில் தள்ளுகிறது. எதிர்ப்பக்கம், அச்சின் துவாரத்தின் வழியே செல்லும் இழுகம்பியும் அதன் சிறு சங்கிலியும் இழுக்கின்றன. கேபிள் தளர்ந்திருக்கையில் மூன்றாம் கியர். பாதி இழுபட்டால் இரண்டாம் கியர். முழுதும் இழுபட்டால் முதல் கியர். முதல் கியர் கேபிளின் பலத்தால் வருவது, மூன்றாம் கியர் சுருள்வில்லின் பலத்தால் வருவது என்ற இந்த ஒரே உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டவன் பாதி மெக்கானிக் ஆகிவிட்டான்.

மற்றொன்றும் அறியத்தக்கது. பழைய ஏ.டபிள்யூ. ஹப்பில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே, கிளட்ச் எதையும் பற்றாத ஒரு வெற்றிடம் உண்டு. கேபிள் அளவு சிறிது பிசகி, கிளட்ச் அந்த இடத்தில் வந்து நின்றால், பெடல் திடீரென்று காற்றில் சுழலும். மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் லாரி வரும் வேளையில், எழுந்து நின்று மிதிக்கிறவனுக்கு இப்படி நேர்ந்தால் அபாயம் எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை. கேபிளைச் சரிபார்க்காத உள்கியர் வண்டியில் ஒருபோதும் நின்று மிதிக்கலாகாது. நாட்டிங்ஹாம் தொழிற்சாலை 2000-இல் மூடப்பட்டபின் அந்தப் பெயரை வாங்கிய தைவானிய ஸ்தாபனம், இந்த வெற்றிடம் இல்லாத புதிய மூன்று கியர் ஹப்பைச் செய்து வருகிறது. பழைய ஹப் வைத்திருப்போர் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.

முதலில் வெளியே பாருங்கள்

பஞ்சர் ஒட்டுவதற்காகவோ, செயினை இறுக்குவதற்காகவோ அண்மையில் பின்சக்கரத்தைக் கழற்றினீர்களா? இதுவே முதல் கேள்வி. பின்சக்கரத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்து மாட்டினால் செயினோடு கேபிளும் இறுகும். முன்னுக்கு நகர்ந்தால் கேபிள் தளரும். நேற்று வரை ஒழுங்காக விழுந்த கியர் இன்று விழவில்லை என்றால், பெரும்பாலும் இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. செயினைத் தொட்ட ஒவ்வொரு முறையும் கேபிளையும் சரிபார்ப்பது என்று ஒரு நியமம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அச்சின் வலது முனையிலுள்ள இழுகம்பி. சக்கரத்தைக் கழற்றும்போது அதைத் திருகி வெளியே எடுத்திருப்பார்கள்; திரும்ப மாட்டும்போது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தியிருப்பார்கள். விரலால் முழுவதும் திருகி உள்ளே செலுத்தி, பிறகு சங்கிலி கேபிளின் திசைக்கு நேராக வருவதற்குத் தேவையான அளவு மட்டும், அரைச் சுற்றுக்கு மேற்படாமல், பின்னுக்குத் திருப்ப வேண்டும். அரைகுறையாக மாட்டிய இழுகம்பி மரையைக் கெடுத்துக்கொண்டு ஒருநாள் கையோடு வந்துவிடும். அந்தச் சிறு சங்கிலியின் கண்ணிகள் துருப்பிடித்து விறைத்திருந்தாலோ, வளைந்திருந்தாலோ, மாற்றிவிடுவதே உசிதம்.

மூன்றாவதாக, அச்சைத் திரும்பவிடாமல் பிடிக்கும் பல் வைத்த வாஷர்கள். உள்கியர் ஹப்பின் அச்சு இரு பக்கமும் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். அந்த வாஷர்கள் அதைப் பற்றிக்கொண்டு ஃபிரேமின் பிளவில் பொருந்துகின்றன. சாதாரண வாஷரைப் போட்டு நட்டை இறுக்கினால், மிதிக்கும் விசையில் அச்சே சுழன்று, நட்டுத் தளர்ந்து, இழுகம்பியின் சங்கிலியும் முறுக்கிக்கொள்ளும்.

நான்காவதாக, கேபிளின் வழி முழுவதையும் கண்ணால் தொடர்ந்து செல்லுங்கள். லிவரிலிருந்து பின்சக்கரம் வரையில் உறை எங்கேனும் நசுங்கியிருக்கிறதா, உள்கம்பி பிரிந்திருக்கிறதா, வழியில் உருளி இருந்தால் அது சுழல்கிறதா, உறையின் முனையைத் தாங்கும் கிளிப் ஃபிரேமில் வழுக்கி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிளிப் நகர்ந்தால் லிவரின் இழுப்பெல்லாம் அதிலேயே செலவாகி, முதல் கியர் வராது. வண்டி நிற்கையில் ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். அப்போது இழுகம்பியின் சங்கிலி அசைந்தால், உறை குட்டையாக இருக்கிறது என்று பொருள். மழைக்காலம் கழிந்ததும் உறைக்குள் ஏறிய துருவே கேபிளைப் பிடித்துக்கொள்வது சகஜம். அப்போது லிவரைத் தள்ளினால் முதல் கியர் விழும். விடுவித்தால் மூன்றாம் கியர் வராது. சுருள்வில்லின் பலம் சொற்பமே. துருவோடு மல்யுத்தம் செய்ய அதனால் முடியாது. புதிய கேபிளும் உறையும் போட்டால் இந்த வியாதி அன்றே தீரும்.

கேபிளை அளவிடும் முறை

வெளிப்பாகங்கள் யாவும் ஒழுங்காக இருப்பதைக் கண்டபின் அளவைச் சரிசெய்ய வேண்டும். லிவரை இரண்டாம் கியரில் வைத்து, பெடலைச் சிறிது முன்னும் பின்னும் சுற்றிக் கிளட்ச் தன் இடத்தில் அமரும்படி செய்யுங்கள். வலது பக்கத்து நட்டில் ஒரு துவாரம் இருக்கும். அதன் வழியே பார்த்தால், இழுகம்பி தடித்திருக்கும் விளிம்பு அச்சின் முனைக்கு நேர்மட்டமாகத் தெரிய வேண்டும். விளிம்பு வெளியே வந்திருந்தால் கேபிள் இறுக்கம். உள்ளே அடங்கியிருந்தால் தளர்ச்சி. சங்கிலியோடு கேபிள் சேருமிடத்திலுள்ள திருகு உருளையின் செக்-நட்டைத் தளர்த்தி, உருளையைச் சிறிது சிறிதாகத் திருப்பி, விளிம்பை மட்டத்துக்குக் கொண்டுவந்து, செக்-நட்டை மீண்டும் இறுக்குங்கள்.

பிறகு இரு கோடிகளையும் சோதியுங்கள். முதல் கியரில் கேபிள் விறைப்பாக நிற்க வேண்டும். மூன்றாம் கியரில் விரலால் அழுத்தினால் சிறிது தொய்வு தெரிய வேண்டும். இவ்விரண்டும் ஒத்து வந்தால் இடையிலுள்ள இரண்டாம் கியரும் தன் இடத்தில் இருக்கும்.

எந்தக் கியரில் கோளாறு, எங்கே காரணம்

கேபிளின் அளவு நிச்சயமாகச் சரியாயிருந்தும் கோளாறு தொடர்ந்தால், அது எந்தக் கியரில் தோன்றுகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

முதல் கியருக்கு லிவரைத் தள்ளினாலும் இரண்டாம் கியரே ஓடுகிறதென்றால், கேபிளின் இழுப்பு இன்னும் போதவில்லை. மூன்றாம் கியர் வரவில்லையென்றால், கேபிள் இறுக்கம், உறையில் துரு, விறைத்த சங்கிலி, தளர்ந்த சுருள்வில் என்ற வரிசையில் தேடுக. இரண்டாம் கியரில் லிவர் இருக்கையில் பெடல் காற்றில் சுழன்றால், கேபிள் சிறிது தளர்ந்து, மேலே சொன்ன வெற்றிடத்தில் கிளட்ச் நிற்கிறது.

மூன்றாம் கியரில் மாத்திரம், அழுத்தி மிதிக்கும்போது 'டக்' என்று வழுக்குகிறதென்றால், கிளட்சின் மூலைகளோ அது பற்றும் கூண்டின் முளைகளோ தேய்ந்து உருண்டுவிட்டன. இந்தத் தேய்வுக்கு மூலகாரணமும் பெரும்பாலும் பழைய கேபிள் கோளாறே. பாதிப் பிடிப்பில் மாதக்கணக்காக மிதித்ததன் பலன் இது. இரண்டாவது, மூன்றாவது ஆகிய இரு கியர்களிலும் பிடிப்பில்லையென்றால், வளையத்திலிருந்து ஹப்பின் கூட்டைப் பற்றித் தள்ளும் கொக்கிப் பற்கள் காய்ந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு எழும்பவில்லை. முதல் கியரில் மாத்திரம் பிடிப்பில்லையென்றால், கூண்டைச் சேர்ந்த கொக்கிப் பற்களைச் சந்தேகிக்க வேண்டும்.

மிதிப்பதை நிறுத்தியும் பெடல் தானே சுழன்று, செயினின் மேற்பக்கம் தொய்ந்தால், அச்சிலுள்ள கோன்கள் (குண்டுகளைத் தாங்கும் கூம்புகள்) இறுகியிருக்கின்றன. இடது கோனைத் தளர்த்தி, ரிம்மைப் பிடித்து அசைத்தால் மிகச் சொற்பமான ஆட்டம் தெரியும் அளவில் நிறுத்துக. வலது கோன் பற்சக்கரங்களின் ஸ்தானத்தையே நிர்ணயிப்பது. அதை விரலால் இறுகத் திருகி, அரைச் சுற்றுப் பின்வாங்கி, பூட்டிவிட வேண்டும். சக்கர ஆட்டத்தைத் தீர்ப்பதற்காக வலது கோனைத் தொடவே கூடாது.

எண்ணெயும் வெள்ளநீரும்

பழைய ஹப்பின் மேல் ஒரு சிறு மூடியோடு கூடிய எண்ணெய்த் துவாரம் உண்டு. மாதம் ஒருமுறை, ஒரு தேக்கரண்டியளவு, 20 அல்லது 30 எண் கொண்ட மெல்லிய என்ஜின் எண்ணெய் விட்டால் போதும். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் முதலிய தாவர எண்ணெய்கள் உதவா. அவை நாளடைவில் பிசின்போல் காய்ந்து கொக்கிப் பற்களை ஒட்டவைத்துவிடும். கெட்டியான கிரீஸை உள்ளே திணிப்பதாலும் அதே தீங்குதான். முன்பே ஒட்டிப்போயிருந்தால், பிரிப்பதற்கு முன் துவாரத்தின் வழியே மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுழற்றி, ஓரிரவு கழித்து வடியவிட்டு, புதிய எண்ணெய் விட்டுப் பாருங்கள். இறந்துவிட்டதாகக் கைவிட்ட ஹப்கள் பல இந்த ஒரு சிகிச்சையில் உயிர்பெற்றெழுவதை அனுபவத்தில் காண்கிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் வெள்ளம் தேங்கி நின்றது இங்குள்ளோர் அனைவருக்கும் நினைவிருக்கும். அச்சு மட்டத்துக்கு நீர் ஏறிய வண்டியின் ஹப்புக்குள் சேறு கலந்த நீர் கட்டாயம் புகும். கியர் விழுகிறதே என்று அலட்சியமாக இருந்துவிடாமல், வெள்ளம் வடிந்த வாரத்திலேயே மேற்சொன்னபடி மண்ணெண்ணெயால் கழுவி, வடியும் எண்ணெய் தெளியும்வரை திரும்பச் செய்து, புது எண்ணெய் விட வேண்டும். எண்ணெய்த் துவாரம் இல்லாத, கிரீஸ் போட்ட புதிய ஹப்பானால், பிரித்துக் கழுவுவது தவிர வேறு வழியில்லை. தாமதித்தால் துரு பற்களை அரித்துவிடும்.

ஷிமானோ ஹப்கள்

நெக்ஸஸ் வகைகளிலும் பரிசோதனையின் வரிசை இதுவே. அடையாளங்கள் மட்டும் வேறு. மூன்று கியர் நெக்ஸஸில் லிவரை இரண்டில் வைத்து, அச்சின் முனையிலுள்ள சிறு பெட்டியின் சாளரத்தைப் பாருங்கள். உள்ளிருக்கும் குறி, இருபுறமுள்ள கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். ஏழு, எட்டுக் கியர் நெக்ஸஸில் லிவரை ஒருமுறை ஒன்றுக்குக் கொண்டுபோய், பிறகு நான்கில் வைத்து, கேபிள் சேருமிடத்திலுள்ள இரு வண்ணக் கோடுகளும் ஒரே நேர்கோட்டில் வரும்படி லிவரிலுள்ள திருகு உருளையைச் சுழற்ற வேண்டும். மூன்று கியர் வகையில், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி வண்டி விழுந்தால் முதலில் அடிபடுவது. ஸ்டாண்டிலிருந்து சரிந்து விழுந்த வண்டியில் கியர் தப்பினால், பெட்டி விலகியிருக்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும்.

பிரிக்கத்தான் வேண்டுமென்றால்

எல்லா முயற்சியும் பயன்படாதபோதுதான் ஸ்பேனர் ஹப்பின் உட்புறத்தைத் தீண்டலாம். வலது பக்கத்துக் குண்டு வளையத்தைக் கழற்றுமுன், ஹப்பின் மேற்கூட்டுக்கும் அதற்கும் நேராக ஓர் அடையாளக் கீறல் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மரை இரண்டு தொடக்கங்கள் உடையதாதலால், வேறு தொடக்கத்தில் ஏற்றினால் ரிம்மின் நேர்மை பிசகும். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு பாகத்தையும் இடமிருந்து வலமாக வையுங்கள். கொக்கிப் பற்களின் சுருள்வில்கள் மயிரிழை போன்றவை. தெறித்து ஓடிவிட்டால் கிடைப்பது அரிது. கிளட்ச், கூண்டின் முளைகள், கொக்கிப் பற்களின் முனைகள் ஆகியவற்றில் எது உருண்டு மழுங்கியிருக்கிறதோ அதை மட்டும் மாற்றினால் போதும். பால்ரஸ் குண்டுகள் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துக் குண்டுகள் அனைத்தையும் புதிதாகப் போடுக.

கியர் மாற்றும் பழக்கம்

மராமத்து எவ்வளவு நன்றாக நடந்தாலும், ஓட்டுகிறவனின் பழக்கம் கெட்டதாயிருந்தால் கோளாறு திரும்பி வரும். கியர் மாற்றும் கணத்தில் மிதிப்பதை நிறுத்த வேண்டும். லிவரை நகர்த்திய பிறகே மீண்டும் மிதிக்க வேண்டும். மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் மூச்சிரைக்க அழுத்திக்கொண்டே முதல் கியருக்கு இழுப்பது, பற்களின் முனைகளைச் சீவுவதற்கு ஒப்பாகும். ஏற்றத்தின் அடியிலேயே கியரைக் குறைத்துக்கொள்க. சிக்னலில் நிற்கும்போதும் கியர் மாற்றலாம் என்பது இந்த ஹப்பின் தனிச் சலுகை. அதைத் தாராளமாக அனுபவியுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நமது பேட்டைகளில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மூத்த தொழிலாளிகளின் கைகளில் இருக்கும் திறமை சாதாரணமானதன்று. ஸ்போக்ஸ் கம்பியைத் தட்டிப் பார்த்த ஓசையிலேயே ரிம்மின் கோணலைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். இந்த ஹப் அவர்களுடைய கடைக்கு அடிக்கடி வராததால் பழக்கம் குறைவு, அவ்வளவே. பஞ்சருக்கு வண்டியை விடும்போது, இழுகம்பியை முழுவதும் திருகி அரைச் சுற்றுக்குள் திருப்ப வேண்டும், பல் வைத்த வாஷரை மறக்கக் கூடாது, கடைசியில் இரண்டாம் கியரில் கேபிளைச் சரிபார்க்க வேண்டும் என்ற மூன்று விஷயங்களை அண்ணனிடம் மரியாதையோடு சொல்லி, அவர் செய்யும்வரை உடனிருங்கள். பிறகு கடைக்கு முன்னாலேயே மூன்று கியர்களிலும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் இருக்கையில் அமர்ந்தபடியே அழுத்தி மிதித்து, எதிலும் வழுக்கல் இல்லை என்று நிச்சயித்துக்கொண்ட பின்னரே பெருஞ்சாலையில் ஏறுங்கள்.